டுவிட்டரில் கதறினால்தான் படகு வருமா?



2021 டிசம்பர் 18, 19 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கீழ்மாடியை விழுங்கியது. நம்மவர்களும் கணிசமாக வாழும் உழைப்பாளிகளின் குடியிருப்பு அது. மேல்மாடியிலும் கூரையிலும் சிக்கியவர்கள் டுவிட்டரிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வீட்டு எண்ணைப் போட்டுக் கதறினார்கள். அதைப் பார்த்து எங்கிருந்தோ வந்த பொதுமக்கள் சொந்தப் படகில் மீட்டார்கள். இனம் பார்க்காமல் மீட்டார்கள். அரசாங்க உதவியோ தாமதமானது. பலவீனங்கள் இருந்ததை அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியே ஒப்புக்கொண்டார். அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுதும் 50 பேருக்கு மேல் மாண்டனர்.

சமூக ஊடகம் காப்பாற்றியது என்று பெருமைப்படுகிறோம். சரி. கைத்தொலைபேசி இல்லாத பாட்டியை யார் காப்பாற்றுவது? மின்சாரம் போய், பேட்டரியும் செத்த வீட்டை? யாருடைய பதிவு அதிகம் பகிரப்படுகிறதோ அவர் வீட்டுக்கே முதல் படகு என்றால், ஏழையும் முதியவரும் எப்போதும் கடைசிதானே!

அதிகாரிகளுக்கும் முகநூல் பக்கம் உண்டு. அமைச்சர் அரிசி மூட்டை கொடுக்கும் படம் உடனே வந்துவிடும். வெள்ள எச்சரிக்கையோ மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த உங்கள் அம்மாவுக்கு அது எப்படிப் புரியும்? மின்னல் எப்.எம். இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால், உங்கள் தாமானை விட்டு இப்போதே வெளியேறுங்கள் என்பதை இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் தமிழ்க் குரலாக அனுப்ப ஏன் முடியாது? தமிழ் கேட்டால் இனவாதமாம். உயிர் காக்கும் செய்தியில் என்ன இனவாதம்?

நாம் கேட்பது இதுதான். சமூக ஊடகத்தில் வரும் ஒவ்வோர் உதவிக் குரலும் 999 அழைப்பைப் போலவே பதிவாகி, படகு போனதா இல்லையா என்று கணக்குக் காட்டப்பட வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும். குரல் எழுப்ப முடியாதவர்கள் வாழும் வீடுகளின் பட்டியல் மழைக்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நீங்களும் கவனமாக இருங்கள். முதலில் 999. பிறகு பதிவு போடும்போது முழு முகவரி, எத்தனை பேர், குழந்தையா நோயாளியா, எத்தனை மணி என்று எழுதுங்கள். அடையாள அட்டை எண்ணைப் போடாதீர்கள், மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். மீட்கப்பட்டதும் பதிவை நீக்குங்கள், இல்லையேல் அடுத்த படகு காலி வீட்டைத் தேடிப் போகும். "அணை உடைந்தது" என்று யாரோ அனுப்பியதை விசாரிக்காமல் தள்ளிவிடாதீர்கள். பொய்யென்று தெரிந்தே பரப்பினால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு பாயலாம். உதவி கேட்பதும், உதவி வரவில்லை என்று உண்மையைச் சொல்வதும் உங்கள் உரிமை. யாராவது மிரட்டினால் பயந்து பதிவை அழிக்க வேண்டாம், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டைக் கழுவும் முன் தண்ணீர் நின்ற உயரத்தைப் படமெடுத்து வையுங்கள். நிவாரணம் மறுக்கப்பட்டால் அதுதான் உங்கள் சாட்சி. இந்த வாரமே உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய், தமிழ் எச்சரிக்கை எப்போது வரும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். கடித நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்காமல் திரும்பாதீர்கள்.