செவிலியர் படிப்பு: செலவும் வரவும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பெரியோர் வாக்கு. இது ஆற்றுக்கு மட்டுமன்று, படிப்புக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பை முடிக்கவிருக்கும் நம்மிடம் "என்ன ஆகப் போகிறாய்?" என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் "நர்ஸ்" என்கிறோம். எண்ணம் நல்லதே. ஆனால் அதற்கு ஆகும் செலவையும் அதனால் வரும் பயனையும் கணக்கிட்டுப் பார்த்தோமா?

சட்டப்படி நர்ஸ் ஆவதற்கு மூன்று வழிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் என்பன அவை. இவற்றுள் ஒன்றில் தேறியவர் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். சென்னை மாகாணத்தில் இதற்கென 1926-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பதிவு எண் பெற்றவரே நர்ஸ்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழியும் நம் கண்ணில் படுகிறது. அதுதான் சமுதாயக் கல்லூரிகளிலும் சிறு பயிற்சி நிலையங்களிலும் நடக்கும் ஓராண்டு உதவியாளர் பயிற்சி. 1995-இல் புதுவையிலும், 1996-இல் சென்னை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியாலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. படிப்பை இடையில் விட்ட ஏழைகளுக்கு ஒரு கைத்தொழில் தரவேண்டும் என்பதே அவற்றின் உயர்ந்த நோக்கம். அந்நோக்கத்தை நான் போற்றுகிறேன். ஆயினும் அந்தச் சான்றிதழைக் கொண்டு குழுமத்தில் நர்ஸாகப் பதிவு செய்ய இயலாது. எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர் இதை அறியாமல் சேர்ந்தார். வெள்ளைச் சீருடை கிடைத்தது. நர்ஸ் வேலை கிடைக்கவில்லை. அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மை முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவே.

இனிக் கணக்குக்கு வருவோம். ஜவளகிரியிலிருந்து ஒசூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண் மாதம் 12,000 ரூபாய் பெறுவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் பெண் அந்தச் சம்பளத்தை இழக்கிறாள், அதுவும் செலவுதான். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 60,000 வீதம் நான்காண்டுக் கட்டணம் 2,40,000. இழந்த சம்பளம் 5,76,000. ஆக 8,16,000 ரூபாய். பின்னர் மாதம் 18,000 கிடைத்தால், கூடுதலாக வருவது 6,000. போட்ட முதல் திரும்பப் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகும்! கட்டணம் மிகக் குறைந்த அரசுப் பள்ளியில் மூன்றாண்டு ஜி.என்.எம். படித்தாலோ, இழப்பு 4,32,000. ஆறே ஆண்டுகளில் ஈடாகிவிடும். ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் 10,000 ரூபாய்தான் சம்பளம் என்றால், அந்த முதல் என்றுமே திரும்பாது. இத்தொகைகள் என் கற்பனையே. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் உண்மைத் தொகைகளை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சம்பளத்தைப் பற்றிப் பேசினால், "இது தொண்டு அல்லவா?" என்பார்கள் சிலர். தொண்டுதான். ஆனால் ராகி விற்ற பணமும் அம்மாவின் கம்மலும் போய்ப் படித்த பெண், தொண்டின் பெயரால் அரைவயிறு உண்ண வேண்டுமா? தமிழ்நாட்டில் 2015-இல் ஒப்பந்த முறையில் சேர்ந்த அரசு செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபாயே தரப்பட்டது; 2017-இல் அவர்கள் சென்னையில் போராடினர். உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட ஆணையின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைந்த சிறு மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2018-இல் கேரளம் அதை ஆணையாக்கியது. அங்கே செவிலியர் சங்கமாய் நின்று கேட்டனர் என்பதை மறக்கலாகாது.

பணத்தால் அளக்க முடியாத பயனும் உண்டு. ஒப்பந்தம் முடிந்ததும் தொழிற்சாலை வேலை போய்விடலாம். பதிவு எண் போகாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும் நம் எல்லைப் பகுதியில், நோயாளியின் மொழியிலேயே பேசும் நர்ஸ் எத்தகைய ஆறுதல்! யானைக்கு அஞ்சி இரவில் வெளியே வரத் தயங்கும் காட்டோரச் சிற்றூர்களில், பேறுகாலம் அறிந்த ஒரு பெண் இருப்பது எத்துணைத் துணிவு!

ஆகவே என் கருத்து இதுதான்: நர்ஸ் படிப்பு வேண்டும், குறுக்கு வழி வேண்டாம். முதலில் அரசு நிறுவனங்களை நாடுவோம். 2023-இல் மத்திய அரசு, 2014-க்குப் பின் தோன்றிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்சிங் கல்லூரிகளை அமைக்க முடிவு செய்தது. நம் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் திறக்கப்பட்டதே. பெங்களூர் அருகில்தான் இருக்கிறது என்று முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் புறப்படாமல், குழுமத்தின் அங்கீகாரம் உண்டா, முழுக் கட்டணம் எவ்வளவு, மூலச் சான்றிதழைப் பிடித்து வைப்பார்களா என்று எழுத்தில் கேட்போம். அங்கே படித்தாலும், தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு இங்கும் பதிவு செய்தாக வேண்டும்.

அன்புத் தோழியரே! அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடும். உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்தால் பி.எஸ்ஸி. நர்சிங் கைக்கெட்டாது. பெற்றோரே! மகளின் திருமணத்துக்கெனச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை அவள் படிப்புக்கெனவும் ஒதுக்குங்கள். அன்புச் சகோதரியரே! நற்பண்புகளை எங்களுக்குப் போதிப்பதோடு, விண்ணப்பத் தாளைப் படித்துப் பார்க்கவும் கற்றுத் தாருங்கள். இரக்கம் உள்ள நெஞ்சோடு கணக்கறிந்த அறிவும் சேர்ந்தால், ஜவளகிரியின் மகளிர் எந்த மருத்துவமனையிலும் தலைநிமிர்ந்து பணி செய்வர்.