கருவுறும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தேனி மாவட்டப் பெண்களுக்கும், மூணாறு, பீர்மேடு லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம் பெண்களுக்கும் பேறுகாலக் கவனிப்பு எப்போது தொடங்குகிறது? தமிழ்நாட்டில் "பிக்மி" பதிவு ஆனபின். கேரளத்தில் ஆஷா ஊழியர் பெயர் எழுதிக்கொண்டபின். தம்பதியர் பதிவேடு ஒன்று முன்னதாகவே உண்டு. ஆனால் அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கென ஏற்பட்டது.

இது காலம் கடந்த கவனிப்பு. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. "நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று பெண் எண்ணத் தொடங்கும் நேரம் அது. மூடாமற்போனால் குழந்தை ஊனத்தோடு பிறக்கும். சில வேளை பிழைக்காது. போலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கிறது. முன்பு இத்தகைய குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்த பெரும் ஆய்வில், மீண்டும் அவ்வாறு நேர்வது 72 சதவீதம் குறைந்தது என 1991-ல் பிரிட்டனில் அறிவித்தார்கள். சாதாரணமாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் கருவுறும் முன்பே தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் "டாமிஸ்" என்ற அறநிறுவனம், குழந்தை பெற எண்ணும் பெண் தானே விடையளித்து ஆலோசனை பெறும் இணையக் கேள்விப் பட்டியலை நடத்துகிறது. கேரளத்திலும் 2022-ல் "சைலி" செயலி வந்தது. ஆஷா ஊழியர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால் அது 30 வயதைக் கடந்தவர்களுக்கு. நம் பெண்களில் மிகப் பலர் அதற்குள் இரண்டு பிள்ளை பெற்றுவிடுகிறார்கள்.

ஆகவே எல்லைப்புறத்துக்கென ஒரு கேள்விப் பட்டியல் தேவை. லண்டன் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்தால் பயன்படாது. "உங்கள் எடை என்ன?" என்பது முதல் கேள்வியானால், நாள்தோறும் கொழுந்துத் தராசைப் பார்க்கும் பெண்ணுக்கும் தன் எடை தெரியாது! புகை பிடிப்பீர்களா என்பதைவிட, வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா என்று கேட்க வேண்டும். சாப்பாட்டோடு கட்டன்சாயா குடிக்கிறீர்களா? தேநீர் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி கேரளப் பெண்களில் 36.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மருந்து தெளிக்கும் வேலையா? சொந்தத்தில் திருமணமா? வலிப்புக்கு மாத்திரை உண்டா? உண்டென்றால் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரைப் பார்த்து மாற்ற வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடியின் நிலை வேறு. அங்கு பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் இரத்தசோகை இருக்கிறது. கணவன், மனைவி இருவருமே அக்குறையைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகையால் கேள்வி கணவனுக்கும் உண்டு. பெண்ணை மட்டும் உட்காரவைத்து விசாரிப்பது நியாயமுமல்ல, பயனுமல்ல.

இன்னொரு சங்கடம்: கைபேசி பெரும்பாலும் கணவன் கையில். மாமியார் எதிரில் "குழந்தை வேண்டுமா, இப்போது வேண்டாமா" என்று கேட்டால் புதுமணப்பெண் என்ன சொல்வாள்? எழுத்தாக மட்டுமின்றி, குரலாகவும், பேச்சுத் தமிழில், தனியே கேட்டு விடையளிக்கும்படி அமைய வேண்டும். விடைகளைத் தோட்ட நிர்வாகம் பார்க்க வழியிருக்கக் கூடாது. கர்ப்பமாகப் போகிறவள் என்று தெரிந்தால் தற்காலிக வேலை தொடருமா?

விடைக்குப் பிறகு மாத்திரை வேண்டுமே! 2018-ல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு. அதில் இரும்புச் சத்தோடு 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. குழந்தை பெற எண்ணுபவளுக்கோ தினமும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் திறப்பதற்குள் ஜீப் மலையேறிவிடுகிறது. போடியிலும் கம்பத்திலும் ஜீப் புறப்படும் இடத்திலேயே, வாரம் ஒருநாள் அதிகாலையில் ஒரு நர்சை மாத்திரைப் பெட்டியோடு நிறுத்த இரு மாநில சுகாதாரத் துறைகளும் கலந்து பேசலாம்.