இரண்டு மலை, ஒரு சூரியன்

போன மாதம் மன்னார்குடிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பெண்ணுக்கு ஏழு வயது. "மாமா, படம் போட்டிருக்கேன், பாருங்க!" என்று நோட்டை நீட்டினாள்.

என்ன படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மலை. நடுவில் பாதி சூரியன். மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஒரு ஆறு. கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை, மேலே நாலு பறவை. நீங்களும் போட்ட படம்தான், நானும் போட்டதுதான்.

மன்னார்குடியைச் சுற்றிச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு குன்று அகப்படாது, வாசகர்களே! குழந்தை இருப்பது மாடி வீட்டில். மொட்டை மாடிக்குப் போனால் ராஜகோபால சுவாமி கோயில் கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. "அதைப் போடேன்" என்றேன்.

"அது எனக்கு வராது மாமா. மிஸ் சொல்லித் தரலை."

அந்த 'வராது' என்னை என்னவோ செய்தது. நாலு வயதில் இதே பெண் சுவரெல்லாம் கரியால் யானையும் பூனையும் கிறுக்கி, அக்காவிடம் அடி வாங்கியவள். அப்போது வந்தது, இப்போது எப்படி வராமல் போயிற்று?

இதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஜப்பானில் ஒரு மனிதர் மல்லுக்கு நின்றார். அவர் பெயர் கனயே யமமோட்டோ.

ஜப்பானில் 1872-ல் புதிய கல்விச் சட்டம் வந்தபோது சித்திரப் பாடமும் கூடவே வந்தது. குழந்தைகள் மேல்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்துப் பென்சிலால் கோடு இழுத்தார்கள். 1880-களில் ஒகாகுரா என்ற அறிஞரும், பெனலோசா என்ற அமெரிக்கப் பேராசிரியரும், "பென்சில் எதற்கு? நம் தேசத்துத் தூரிகை இருக்கிறதே!" என்று கிளம்பினார்கள். பென்சில் கட்சி, தூரிகைக் கட்சி என்று பலத்த வாக்குவாதம். தூரிகைக் கட்சி கொஞ்ச காலம் ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், பென்சில் பிடித்தாலும் தூரிகை பிடித்தாலும் குழந்தை செய்த காரியம் ஒன்றேதான்: புத்தகத்தில் இருந்த மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே இறக்கியது! 1910-ல் சர்க்கார் புதிய சித்திரப் புத்தகம் போட்டது. அதில் நல்ல அம்சங்கள் இல்லாமலில்லை. ஆனால் வகுப்பில் நடந்தது பெரும்பாலும் பழைய காப்பிதான்.

யமமோட்டோவுக்குக் காப்பியின் கஷ்டம் நன்றாகத் தெரியும். சின்ன வயதிலேயே மரச் செதுக்கு வேலைக்குப் போனவர் அவர். ஒருவர் வரைவார், இன்னொருவர் செதுக்குவார், மூன்றாமவர் அச்சடிப்பார்; அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். 1904-ல் மீனவர் ஒருவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி அச்சேற்றினார். ஜப்பானியக் கலை உலகில் அது ஒரு புதுப் பாதை. பிறகு பிரான்சுக்குப் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு, 1916-ல் ரஷ்யா வழியாக ஊர் திரும்பினார். வழியில் மாஸ்கோவில் குழந்தைகள் வரைந்த படங்களின் காட்சி ஒன்றைப் பார்த்தார். அது அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

நாகானோ மாகாணத்தில் உயேடா நகருக்கு அருகே கங்காவா என்றொரு கிராமம். அங்கேதான் அவருடைய தகப்பனார் வைத்தியம் பார்த்து வந்தார். 1918 டிசம்பரில் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். மாதிரிப் புத்தகத்தை மூடுங்கள், குழந்தையை வெளியே விடுங்கள், கண்டதை வரையட்டும் என்பதே பேச்சின் சாரம். 1919 ஏப்ரலில் அதே பள்ளியில் குழந்தைகளின் 'சுதந்திரச் சித்திர'க் காட்சி நடந்தது. அந்தப் பொறி சில வருஷங்களில் நாடெங்கும் பற்றிக்கொண்டது.

எதிர்ப்பும் இருந்தது. குழந்தையை இஷ்டத்துக்கு விட்டால் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாளை விநியோகித்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்வதற்கும் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்துவிடலாமே! யமமோட்டோ கேட்டது அதுவல்ல. புத்தகத்துக்குப் பதில் மரமும் மலையும் வீடும் மாதிரியாக இருக்கட்டும் என்றார். அப்படிச் செய்தால் வாத்தியாருக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. நாற்பது குழந்தைகள் நாற்பது விதமாகப் போட்டால் நாற்பதையும் பார்க்க வேண்டும். கரும்பலகையில் இருக்கும் மாம்பழத்தோடு ஒப்பிட்டு மார்க் போடுவது சுலபம் அல்லவா?

இன்னொரு சங்கதி. மெழுகு க்ரேயான் வழுக்கும். நிறத்தின்மேல் நிறம் சரியாக ஏறாது. சாக்குக்கட்டி மாதிரியான பேஸ்டலோ பொடிப்பொடியாய் உதிரும். யமமோட்டோவின் இயக்கம் தந்த தூண்டுதலில், சகுரா கம்பெனியார் இரண்டின் நல்ல குணத்தையும் சேர்த்து 1925-ல் 'க்ரே-பாஸ்' என்ற வர்ணக் குச்சியைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அது வெயிலில் இளகும், குளிரில் இறுகும். அதனால் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக விற்றார்களாம்! இன்று நம் வீட்டுக் குழந்தைகள் கையில் இருக்கும் 'ஆயில் பேஸ்டல்' அந்த வம்சம்தான்.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டே குழந்தையின் டப்பாவைத் திறந்தேன். பச்சை, நீலம், காப்பி நிறம் மூன்றும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. ஊதாவும் ரோஸும் வாங்கியபடி இருந்தன. மலைக்கும் ஆற்றுக்கும் அவை வேண்டாமே!

சாயங்காலம் மொட்டை மாடியில் குழந்தையை உட்கார்த்தி, ஊதாவைக் கையில் கொடுத்தேன். கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்துதான் வந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரமாக நின்றது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "நன்னாத்தான் இருக்கு. ஆனா பரீட்சையிலே இதைப் போட்டா மிஸ் மார்க் குடுப்பாளாடா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.