ஆறுதலாச் சாப்பிட 20 நிமிடம் போதாது



எனக்கு ஐபிஎஸ் இருக்கு. வயிற்றுநோ, ஊதல், ஒருநாள் வயிற்றோட்டம், மறுநாள் மலச்சிக்கல். ஸ்கானில் ஒன்றும் தெரியாது. லண்டனில் ஒரு களஞ்சியசாலையில் ஷிஃப்ட் வேலை செய்யிறன். கக்கூசுக் கதை எண்டு வெட்கப்பட்டு எங்கட ஆட்கள் இதைப் பற்றி வாயே திறக்கிறேல்லை. நான் திறக்கிறன், ஏனெண்டா இது வேலைநேரத்தின் கதை.

பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008இல் ஐபிஎஸ்காரருக்குச் சொன்னது இது: நேரத்துக்குச் சாப்பிடு, ஆறுதலாச் சாப்பிடு, ஒரு வேளையையும் தவறவிடாதே, தேத்தண்ணி கோப்பியை நாளைக்கு மூன்று கோப்பையோடு நிறுத்து. நல்ல அறிவுரைதான். அதுக்குப் பக்கத்தில் 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகளை வைத்துப் பாருங்கோ. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் 20 நிமிட இடைவேளை. ஷிஃப்ட் பத்து மணித்தியாலம் எண்டாலும் அதே ஒரு 20 நிமிடம்தான். அதுக்குச் சம்பளம் குடுக்கவேணும் எண்டும் சட்டம் சொல்லேல்லை. சாப்பாட்டறைக்கு நடந்து, மைக்ரோவேவுக்கு வரிசையில் நின்ற பிறகு ஆறுதலுக்கு எங்க நேரம்? டொக்டர் எழுதித் தரும் மருந்து முதலாளியின் கையில் இருக்கு.

அடுத்தது ஃபோட்மாப் உணவுமுறை. மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாச்சத்துகள் தண்ணியை இழுக்கும், பெருங்குடலில் நொதித்து வாயுவாகும். அவற்றை இரண்டு முதல் ஆறு கிழமை குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒத்துவருவதை வைத்துக்கொள்வதுதான் முறை. இதை உணவியலாளரின் துணையோடுதான் செய்யவேணும். ஆனால் சந்தை முதல் கட்டத்தையே ஆயுள்தண்டனையாக்கி, விலைகூடின பெட்டிகளாக விற்கிறது.

வெங்காயம், உள்ளி, பருப்பு கூடாது எண்ட பட்டியலைப் பார்த்த எங்கட பெடியள் கறியையே விட்டிடுகிறார்கள். தேவையில்லை! உள்ளியில் உள்ள அந்தச் சத்து தண்ணியில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசம் சட்டியில் நிற்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம். ரின்னில் வரும் பருப்பைக் கழுவிக் கொஞ்சமாச் சேர்க்கலாம். சோறும் உருளைக்கிழங்கும் பிரச்சினையில்லை. இதைத் தமிழில் சொல்லித்தர ஒரு உணவியலாளரைக் கேட்பது சலுகை கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. இரத்தம் போனால், காரணமில்லாமல் எடை குறைந்தால், உடனே ஜிபியிடம் போங்கோ. பாணை நிறுத்த முதல் சீலியாக் இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ. நிறுத்தின பிறகு செய்தால் முடிவு பிழைக்கலாம்.

"எல்லாம் மன அழுத்தம், யோகா செய்" எண்டும் சொல்லுவினம். குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அடுத்த கிழமை ஷிஃப்ட் கிடைக்குமோ தெரியாத ஆளின் அழுத்தத்தை யோகாப் பாய் தீர்க்காது.

ஆகவே தொழிற்சங்கத்தில் கேளுங்கோ: சம்பளத்தோடு சாப்பாட்டு இடைவேளை, கணக்குப் பார்க்காத கக்கூசு நேரம். 12 மாதம் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால், 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் ஐபிஎஸ்ஸுக்கும் பாதுகாப்புக் கோர இடமுண்டு.

எங்கட கூட்டங்களையும் பாருங்கோ. இரவு ஒன்பதுக்குத் தொடங்கி, ரோல்ஸும் தேத்தண்ணியுமா நடுச்சாமம் வரைக்கும் இழுக்கிறம். அடுத்த நிகழ்ச்சிநிரலில் முதலாவதாச் சாப்பாட்டு நேரத்தைப் போடுவம்.