மனை அவளுடையது, ஊரைத் தெரிவது யார்?

அண்மைக் காலமாக நம் கரையோர ஊர்களில் ஓர் அறிவுரை வாய்க்கு வாய் பரவி வருகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் விரிவுரையாளரும் குடும்பத்துடன் மேற்கு நாடுகளுக்குப் பெயர்கின்றனர். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குச் சொல்லும் அறிவுரை அது. "இலண்டன் வேண்டாம், மெல்பேண் வேண்டாம், வாடகை தாங்காது. சிறிய ஊர் ஒன்றைத் தெரிந்துகொள். செலவு குறைவு, பாடசாலை அருகில், பிள்ளைகள் கெட்டுப்போக இடமில்லை" என்பது அதன் சாரம்.

இவ்வறிவுரையில் உண்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. மேற்கு நாடுகளின் சட்டங்களே புதியவர்களைச் சிற்றூர்ப் பக்கம் தள்ளுகின்றன. 2019 நவம்பரில் அவுஸ்திரேலியா கொண்டுவந்த 491 ஆம் இலக்கத் தற்காலிக விசா, சிட்னி, மெல்பேண், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்வோருக்கே உரியது. அதே 2019 இல் கனடா பதினொரு சிறு நகரங்களைத் தெரிந்து, அங்கு வேலை பெற்றுக் குடியேறுவோருக்கு நிரந்தர வதிவுரிமைக்கென ஒரு வழியைத் திறந்தது. அது முடிந்ததும் 2025 இல் மற்றொரு திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ஆட்குறைந்த ஊர்களை நிரப்ப அந்நாட்டார்க்கு ஆள் தேவை. நமக்கு வேலை தேவை. கொடுக்கல் வாங்கல் என்ற அளவில் இதில் குறை காண யாதுமில்லை.

நமது பிணக்கு வேறு. வாடகை, தூரம், தட்பவெப்பம், பாடசாலை, வரி என்று வரிசை வரிசையாக ஒப்பிட்டு ஊரைத் தெரியும் இவ்வறிவாளர், தெரிபவர் யார் என்ற கேள்வியை எழுப்புவதேயில்லை. சம்பளம் பெறுபவர் தெரிவார். மனைவி மக்கள் உடன் செல்வர் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டுவிட்டது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் பிறந்தவர் இவ்வாறு எண்ணத் தொடங்கியிருப்பதே வியப்புக்குரியது.

ஏனெனில் இந்தக் கரையில் குடும்பம் ஆணின் பின்னால் சென்றதில்லை. ஆணே பெண்ணின் மனைக்கு வந்தான். திருமணத்தின்போது வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு எழுதப்படுகின்றன; மாப்பிள்ளை அவ்வீட்டில் வந்து வாழ்கின்றான். மூத்த மகளுக்குத் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளைய பெண்மக்களுடன் பக்கத்து வளவில் எழுப்பிய வேறொரு வீட்டுக்குப் பெயர்வது நாம் கண்டறிந்த வழக்கம். இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு இவ்வூரில் பழைய பொருள் இதுதான்: பத்து யார் தூரம், வேலிக்கு அப்பால். குடியும் தாய்வழியே வருகின்றது. பள்ளிவாசலின் மரைக்கார்மாரைக் குடிவாரியாக நியமித்த முறையும் அதையொட்டி எழுந்ததே. தமிழ் அயலவரான பாண்டிருப்பு, காரைதீவு மக்களிடத்தும் தாய்வழிக் குடியும் பெண்ணின் மனையும் உண்டு; மதம் வேறாயினும் மனையின் இலக்கணம் ஒன்றே. 1970 ஆம் ஆண்டளவில் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். ஆயினும் நமக்கு இதைச் சொல்ல அமெரிக்கர் ஒருவர் வேண்டியதில்லை.

இவ்வழக்கத்தின் பயன் ஏட்டில் அன்று, வேலியில் தெரியும். அக்காவின் வளவுக்கும் தங்கையின் வளவுக்கும் இடையில் ஒரு சிறு படலை இருக்கும். வீதியில் கால் வைக்காமலே ஒருத்தி தன் உம்மாவின் அடுக்களைக்கும் ராத்தாவின் கிணற்றடிக்கும் போய்வருவாள். பிள்ளை ஓரிடத்தில் அழுதால் மூன்று வீட்டில் கேட்கும். கணவன் கைநீட்டினாலும் மூன்று வீட்டில் கேட்கும். பிணக்கு முற்றினால் வெளியேறுபவன் அவனே. அவளுக்குப் போக்கிடம் தேடும் தேவை எழுவதில்லை. ஆசிரியர் ஒருவருக்கு மலைநாட்டுக்கோ மன்னாருக்கோ இடமாற்றம் வந்தால் அவர் தனியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதும் இதனாலேயே. "குடும்பத்தை ஏன் கூட்டிச் செல்லவில்லை?" என்று கேட்பார் ஊரில் இல்லை.

1970 களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த வளைகுடாப் பயணமும் இந்த அமைப்பைக் கலைக்கவில்லை. அங்கு உழைத்த பணம் இங்கு பெண்மக்களின் வீடுகளாயிற்று. இப்போதைய மேற்குப் பயணம் அவ்வாறன்று. வளைகுடா, மனையைக் கட்டிய பயணம். இது மனையை விற்கும் பயணம். விசாக் கட்டணம், விமானச் சீட்டு, வங்கியில் காட்டவேண்டிய பணம் என்று கணக்கு ஏறும்போது, குடும்பத்தின் கையில் உள்ள பெரிய சொத்து எதுவோ அதன்மீதே கண் விழுகின்றது. அது அவளுடைய உறுதிப்பத்திரம்.

அதற்கு ஈடாக அவள் பெறுவது யாது? "தங்கி வாழ்பவர்" என்ற பெயர். அவளுடைய வதிவு அவனுடைய வேலையில் தொங்குகின்றது. இங்கிலாந்தில் அனுசரணை விசாவில் உள்ள ஒருவரின் வேலை நின்றால், அவரது அனுமதி பொதுவாக 60 நாள்களாகக் குறுக்கப்படும். மனைவி மக்களின் அனுமதியும் அதனோடு குறுகும். உறுதிப்பத்திரத்துக்கு உரியவளாயிருந்தவள் 60 நாள் தவணைக்கு உரியவளாகின்றாள். சட்டம் மாறினால் அத்தவணையும் இல்லை. 2024 மார்ச் 11 முதல் அந்நாட்டில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் செல்வோர் குடும்பத்தினரை உடனழைத்துச் செல்லவே இயலாதென விதித்துவிட்டனர்.

பெருநகரமாயின் அவளும் ஒரு வேலை தேடிக்கொள்ளலாம். சிற்றூரின் குறை இங்கேதான். ஒரு மருத்துவமனை, இரண்டு பாடசாலை, ஒரு கடைத்தெரு உள்ள ஊரில் ஒருவருக்கு வேலை கிடைத்தது அதிர்ஷ்டம். இருவருக்கும் அவரவர் கல்விக்கேற்ற வேலை கிடைப்பது அரிது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் இளமாணி வகுப்புகளில் இன்று பெண்களே பெரும்பான்மையினர். அவர்களுள் ஒருத்தி இரசாயனவியலில் பட்டம் பெற்று, பேருந்து மணிக்கொன்று வரும் ஊரில், கார் ஓட்டத் தெரியாமல், கணவன் வேலை விட்டு வரும்வரை சன்னலோரம் இருப்பதைத்தான் "பிள்ளைகளுக்கு அமைதியான சூழல்" என்று அறிவாளர் எழுதுகின்றனர். சிற்றூர் என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமப்பதை அவர்கள் காணவில்லை. சாய்ந்தமருதும் சிற்றூர்தான், அங்கு சுவரோடு சுவர் உரசும். அங்குள்ள சிற்றூரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே புல்வெளி.

இவ்விழப்பை நாம் முன்னரே ஒரு முறை பட்டிருக்கின்றோம். 2004 டிசம்பர் 26 இன் கடல்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோர வளவுகள் மண்மேடாயின. அவ்வளவுகளிற் பல பெண்களின் பெயரில் இருந்தவை. ஆனால் மாற்று வீடு வழங்கும்போது "குடும்பத் தலைவர்" யார் என்று படிவம் கேட்டது. ஆணின் பெயர் எழுதப்பட்டது. வீடும் பல இடங்களில் அவன் பெயருக்கே போயிற்று. பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் குரலெழுப்பின. (நுரைச்சோலையில் சவூதி உதவியால் எழுந்த 500 வீடுகள் வழக்கினால் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தது வேறு கதை, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) படிவத்தில் இருந்த ஒரு சொல், பல தலைமுறை வழக்கத்தை ஒரு கையெழுத்தில் மாற்றவல்லது என்பதை அன்று கண்டோம். விசா விண்ணப்பத்தில் "முதன்மை விண்ணப்பதாரர்" என்றிருப்பது அதே சொல்லின் உடன்பிறப்பு.

இங்கு ஒரு மறுப்பு எழும். அது வலிய மறுப்பு. "நீர் புகழும் அந்த வீடு சீதன வீடல்லவா? அதைக் கட்ட முடியாமல் எத்தனை வாப்பாமார் முதுகொடிந்தனர், எத்தனை சகோதரர் தம் இளமையை மணற்காட்டில் தொலைத்தனர்? அந்தச் சுமையிலிருந்து ஒரு குடும்பம் விடுபடுவது நல்லதன்றோ?" இதற்கு மழுப்பல் விடை கூற நான் விரும்பவில்லை. வீடில்லாத பெண்ணுக்கு மணமில்லை என்ற நிலை கொடுமையே. அதை ஒழிக்க வேண்டும். ஆனால் ஒழிய வேண்டியது மாப்பிள்ளையின் கேள்வி, பெண்ணின் உடைமையன்று. மேற்குக்குப் போகின்றவர் சீதனத்தை விட்டுவிட்டா போகின்றார்? வீட்டைப் பெற்று, விற்று, பணமாக்கிக்கொண்டு போகின்றார். சீதனத்தின் தீமை முழுவதும் எஞ்சியிருக்க, அதில் பெண்ணுக்கு இருந்த ஒரே நன்மை கழிந்துபோவதை விடுதலை என்று எவ்வாறு அழைப்பது?

போகவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சிற்றூருக்குச் சென்று நன்கு வாழ்ந்தவர் உலகில் உளர். மேற்கு அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தொலைவில் கட்டானிங் என்றொரு சிற்றூர். 1970 களில் கிறிஸ்மஸ் தீவு, கொக்கோஸ் தீவுகளின் மலாய் முஸ்லிம்கள் அங்குள்ள இறைச்சித் தொழிற்சாலையில் ஹலால் முறையில் அறுக்கும் வேலைக்காக வந்தனர். ஒருவர் பின் ஒருவராக உறவினரும் வந்தனர், பள்ளிவாசல் கட்டினர், இன்றும் அங்கு இருக்கின்றனர். விக்டோரியாவின் ஷெப்பர்ட்டனில் அல்பேனிய முஸ்லிம்கள் 1960 இலேயே பள்ளிவாசல் எழுப்பினர். மாறாக, ஸ்கொத்லாந்தின் வடமேற்குத் தீவு நகரான ஸ்டோர்னோவேயில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த சிறு முஸ்லிம் சமூகத்துக்கு 2018 இல்தான் ஒரு பள்ளிவாசல் வாய்த்தது. ஊரின் அளவு இவற்றில் எதையும் தீர்மானிக்கவில்லை. பக்கத்து வளவுக்கு யார் வருவார் என்பதே தீர்மானித்தது.

ஆகவே ஊரைத் தெரியும் உரிமை அவளுக்கு முதலில் வேண்டும். அவளுடைய பட்டத்துக்கு அவ்வூரில் வேலை உண்டா என்பது, அவனுடைய சம்பளத்தைப் பேசுமுன் பேசப்பட வேண்டும். இங்குள்ள மனை விற்கப்படலாகாது. விற்றேயாக வேண்டுமெனின் அங்கு வாங்கும் வீட்டின் பத்திரத்தில் அவள் பெயர் நிற்கவேண்டும். தனித்து ஒரு குடும்பமாகப் போவதிலும் அக்காவும் தங்கையுமாக இரு குடும்பம் ஒரே ஊருக்குப் போக முயல்வது மேல். சம்பளம் சற்றுக் குறைந்தாலும்.

"இவையெல்லாம் கணவனும் மனைவியும் அறைக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை, சங்க மலரில் எழுதத் தக்கவையா?" என்று சிலர் முகஞ்சுளிப்பர். மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைக்கு முன்னரே, வளவின் எல்லை எது, கிணற்றில் யாருக்குப் பங்கு, வயலில் எத்தனை ஏக்கர் என்று இரு குடியின் பெரியோரையும் பாயில் இருத்திப் பேசிய ஊர்கள் நம்முடையவை. கால் ஏக்கர் வளவுக்கு அத்தனை பேர் சாட்சி வைத்தவர்கள், கடல் கடந்த ஒரு ஊரை அவள்மீது எழுதிவைக்கும்போது மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கின்றனர்?