பதினாறு மண்டபம்

பி.காம். படித்தவன் பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லையே! அந்தத் தைரியத்தில், கும்பகோணத்தில் எங்கள் ஓவியச் சங்கம் நடத்திய இரண்டு நாள் வாட்டர்கலர் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். சொல்லித்தர சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்திருந்தார். ("அந்தப் பணத்துக்கு வீட்டுக்கே சுண்ணாம்பு அடிச்சிருக்கலாம்" - என் மனைவி.)

முதல் நாளே ஓர் அதிர்ச்சி. வெள்ளைப் பெயின்ட்டைத் தொடவே கூடாதாம். காகிதம்தான் வெள்ளை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ, அந்த இடத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். இளசான நிறத்தில் ஆரம்பித்து, காயக் காய அடர்த்தியாக்கிக்கொண்டே போக வேண்டும். அட, ஓப்பனிங் பேலன்ஸ்! செலவழித்தால் போயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. கைக்குத்தான் புரியவில்லை.

மறுநாள் மகாமகக் குளம். ஓவியர் மூன்று மண்டபங்களைப் போட்டுவிட்டு, மற்றதை ஈரத்தில் கலங்க விட்டார். நாங்களும் மூன்றே போட்டோம். குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் 13 அன்று மதியத்துக்குள் காணாமல் போயின.

என் குளம் சேறாகிவிட்டது. "கொஞ்சம் குடுங்க சார்" என்று பிரஷ்ஷை வாங்கிப் பிழிந்து, நாலு இடத்தில் ஒற்றி எடுத்தார் ஓவியர். மண்டபத்தின் நிழல் தண்ணீரில் நடுங்கியது! அடுத்த மேஜை, அதற்கடுத்த மேஜை... எல்லாக் குளத்திலும் அதே நிழல்.

கடைசி மேஜையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். ஓவியர் நெருங்கியதும் குறுக்கே கையை நீட்டினார்.

"வேண்டாம் சார். தப்பா இருந்தாலும் என்னுதா இருக்கட்டும்."

"அம்மா, ஒரே இடத்துல நின்னா இவ்வளவு மண்டபம் தெரியாதே?"

"நான் எங்கே நின்னேன்? நாப்பது வருஷமா அதைச் சுத்தி நடக்கறேன்."

எட்டிப் பார்த்து எண்ணினேன் (கணக்குப் படித்தவன் அல்லவா!). 16. இரண்டு மட்டும் குளத்தில் விழுந்துவிடும் போலச் சாய்ந்திருந்தன. ஓவியர் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தபடி நின்றார்.

என் படம் இப்போது ஹாலில், ஃப்ரேமுக்குள். வருகிறவர்கள் எல்லோரும் "அந்தத் தண்ணி நிழல் இருக்கே, பிரமாதம்!" என்கிறார்கள். வேறு எதையும் சொல்வதில்லை. கீழே கையெழுத்து என்னுடையது. பாராட்டை யார் பேரில் வரவு வைப்பதென்று தெரியாமல் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு தனியாக உட்கார்ந்து அந்த நிழலை மட்டும் ஏழு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஏழும் சேறு.

"இதெல்லாம் நீங்களே போட்டதா?" என்றாள் மனைவி.

"ஆமாம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.