பூட்டியது யார்?

"பெண்கள் கால்பந்தை யாருடி பார்ப்பா?" என்று சிரித்தார் என் கணவர். எனக்குச் சுருக்கென்றது. 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் பெண்கள் ஆடியதைப் பார்க்க 53 ஆயிரம் பேர் கூடினார்கள். மறுவருடமே இங்கிலாந்து கால்பந்து சங்கம், பெண்களுக்கு இது ஏற்றதல்ல என்று மைதானங்களை மூடிவிட்டது. ஐம்பது வருடம்! 1971-ல்தான் முதல் மகளிர் கோப்பையை சவுத்தாம்ப்டன் ஜெயித்தது. 2023 இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளியில் 77,390 பேர். ஆனாலும் ஜெயித்த பெண்களுக்குப் பரிசு ஒரு லட்சம் பவுண்டு. ஆண்களுக்கு இருபது லட்சம்!

"பார்க்க ஆள் இருந்தப்பதானேங்க பூட்டினாங்க?" என்றேன். பதிலில்லை.

சகோதரிகளே, மகளை 'உனக்கெதுக்கு' என்று தடுத்துவிட்டு, பிறகு 'அவளுக்கு வராது' என்கிறோமே, அதுவும் பூட்டுதானே?

- ஒரு வாசகி, கும்பகோணம்.